சுண்ணாம்புச் சுவரில் எழுதிய பழைய ஓவியங்களைப் பேணுவது எப்படி: வடசென்னைச் சிற்றாலயங்களுக்கு ஒரு வழிகாட்டி

இராயபுரத்துச் சந்து ஒன்றில் உள்ள எங்கள் சிற்றாலயத்துக்குள் போக வேண்டுமானால் தெருவிலிருந்து மூன்று படி கீழே இறங்க வேண்டும். என் ஆயா சிறுமியாக இருந்த காலத்தில் இரண்டு படி ஏறிப் போனதாகச் சொல்லியிருக்கிறார். கட்டடம் புதையவில்லை, பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பீடத்துக்குப் பின்சுவரில், சுண்ணாம்புப் பூச்சின்மேல், இயேசுவின் சீடர் பேதுரு வலை இழுக்கும் காட்சி எழுதப்பட்டிருக்கிறது. கலிலேயக் கடலில் மிதப்பது காசிமேட்டுக் கட்டுமரம். அந்தச் சுவரின் அடிப்பகுதி இன்று ஏறத்தாழ ஒரு நிலவறையின் சுவராகிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் பல ஆண்டுகள் இருந்து, நாங்கள் செய்த தவறுகளிலிருந்தும், வந்து பார்த்த வல்லுநர்களிடமிருந்தும் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் உள்ள ஆலயங்களையும் கோயில்களையும் மடங்களையும் பேணுவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

நிலவறைச் சுவரோவியங்களைக் காப்பதில் நெடுங்காலப் பட்டறிவு உள்ளவர்கள் ஐரோப்பியர்கள். ரோமுக்குத் தென்கிழக்கே அனாஞி என்னும் சிற்றூரில், பேராலயத்தின் கீழுள்ள நிலவறையில், சுவர்களிலும் வளைகூரையிலும் 13ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் தவான் என்னும் ஊரின் ஆலய நிலவறையில் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. அவற்றோடு ஒப்பிட எங்கள் பேதுருவுக்கு வயது போதாது. ஆனாலும் மண்ணிலிருந்து ஏறும் ஈரம், அந்த ஈரம் சுமந்துவரும் உப்பு, கூடும் மக்களின் மூச்சு, மெழுகுதிரிப் புகை, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் அவசரப் பழுதுபார்ப்பு ஆகியவைதான் அங்கும் இங்கும் ஓவியத்தை அழிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். ஓவியத்தைத் தொட்டுச் செய்யும் வேலை எதையும் நாமாகச் செய்யக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிறம் எப்படிப் பிடித்திருக்கிறது

சுவரோவியங்களில் இரண்டு முறைகள் உண்டு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நீரில் குழைத்த நிறத்தை அதன்மேல் தீட்டுவது முதல் முறை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகும்போது, நிறத்துகள்கள் அந்தக் கல்லுக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்கின்றன, பசையே தேவையில்லை. அன்றன்று எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கே பூச்சுப் போடுவார்கள் என்பதால், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையிலுள்ள மெல்லிய இணைப்புக்கோடு சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். இரண்டாவது முறையில், உலர்ந்த சுவரின்மேல் கோந்தோ வச்சிரமோ வேறு பசையோ கலந்து தீட்டுகிறார்கள். இந்தப் பூச்சு சுவரின் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டியிருக்கும். பல ஓவியங்களில் இரண்டு முறைகளும் கலந்தே காணப்படும்.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வுக்கு நல்ல மரபு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்த பிறகு, சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அதன் பூச்சையும் நிறங்களையும் ஆய்ந்தார். எங்கள் சுவரில் இதைப் புரிந்துகொள்ள வேதியியல் கூடத் தேவைப்படவில்லை. பேதுருவின் காவி நிற அங்கி இன்றும் சுவரோடு சுவராக உறுதியாக இருக்கிறது. ஆனால் கட்டுமரத்தைச் சுற்றியுள்ள கடலின் நீலம், நகத்தளவுச் செதில்களாக ஓரம் சுருண்டு, ஒவ்வொரு செதிலின் அடியிலும் வெள்ளைப் பூச்சு தெரிய நிற்கிறது. காவி ஈரப்பூச்சில் இறங்கியது, நீலம் பிறகு பசையோடு மேலே ஏற்றப்பட்டது என்று எங்களைப் பார்க்க வந்த ஓவியக் காப்பாளர் விளக்கினார். இதை அறியாமல் ஈரத்துணியால் சுவரைத் துடைத்திருந்தால், அங்கி தப்பியிருக்கும், கடல் முழுதும் துணியோடு வந்திருக்கும். உங்கள் சுவரில் எந்த நிறம் எந்த வகை என்று தெரியாதவரை, தண்ணீர், ஸ்பிரிட், எலுமிச்சை, பூந்திக்கொட்டை, எச்சில் என எதையும் ஓர் ஓரத்தில்கூட வைத்துப் பார்க்காதீர்கள்.

முதல் ஆண்டு: பார்ப்பதும் பதிவதும்

ஒரு நீளக் குறிப்பேடு, ஒரு கைவிளக்கு, ஓரளவு நல்ல கைப்பேசி கேமரா, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஆகியவை போதும். மாலை மங்கியபின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து ஒளியைச் சாய்த்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த சுவரில் உப்பல், செதில், விரிசல், பழைய ஒட்டு எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பூச்சு சுவரைவிட்டு விலகியிருக்கிறதா என்று அறிய விரல் முட்டியால் மிக மெதுவாகத் தட்டிப் பார்ப்பது வழக்கம். பொள்ளல் இருக்கும் இடத்தில் ஓசை மாறும். ஆனால் செதில் எழுந்திருக்கும் இடத்தில் அதையும் செய்ய வேண்டாம்.

சுவரை ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில் இருந்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் தெரியுமாறு படம் எடுங்கள். எங்கள் குழு தரையில் ஒரு சிறு பித்தளை ஆணியை அடித்து நிற்கும் இடத்தைக் குறித்திருக்கிறது. எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அதன்மேல் செதில்களுக்கு ஒரு நிறம், உப்புக்கு ஒரு நிறம், விரிசலுக்கு ஒரு நிறம் என்று பேனாவால் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறை, மழை ஓய்ந்து தை மாதத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை என்று ஆண்டுக்கு மூன்று படங்கள் இருந்தால், எந்தப் பழுது பழையது, எது இன்னும் வளர்கிறது என்பது இரண்டாம் ஆண்டிலேயே தெளிவாகிவிடும். வளராத பழுதைச் சில ஆண்டுகள் விட்டுவைக்கலாம். வளர்கின்ற பழுதுக்கு உள்ளே எங்கோ காரணம் இருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். அது மேலிருந்து வரலாம், கீழிருந்து வரலாம், காற்றிலிருந்தும் வரலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு என்பதால், முதலில் எது என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஓவியம் இல்லாத ஒரு பகுதியில், ஒரு முழ நீளமுள்ள தெளிவான பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது.

மேலிருந்து வரும் ஈரத்துக்கு, மழைக்கு முன் கூரைமேல் ஏறிப் பார்ப்பதைவிடச் சிறந்த மருந்து இல்லை. மரச்சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த பழைய மெட்ராஸ் டெரஸ் தளங்களில் மழைநீர்க் குழாயின் வாய் அரசிலையாலும் காக்கை போட்ட எலும்பாலும் அடைத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் அரசங்கன்று ஒன்று முளைத்தால், பிடுங்கி எறிந்தால் போதாது; வேரின் மிச்சத்திலிருந்து மீண்டும் தளிர்க்கும். வேரோடு எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தால் வெடிப்பை அடைக்க வேண்டும். ஓவியச் சுவரின்மேல் சின்டெக்ஸ் தொட்டி இருந்தால் அதை இடம் மாற்றுங்கள். ஏசி யூனிட்டின் சொட்டுக்குழாய் அந்தச் சுவரில் முடிந்தால் அதையும் மாற்றுங்கள்.

கீழிருந்து ஏறும் ஈரம் கடினமானது. இராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எங்கும் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, அதோடு உப்பும் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் அந்த நீரைத் திரிபோல உறிஞ்சி மேலே ஏற்றும். பழைய கட்டடத்தில் அந்த நீர் சுவரின் அடிப்பகுதியிலேயே ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கும். அங்கே சிமென்ட் பூசினால், அல்லது டைல்ஸ் பதித்தால், ஆவியாக வழியின்றி நீர் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடியும் இடத்தில் வெளியே வரும். எங்கள் ஆலயத்தில், ஒரு திருவிழாவுக்கு முன், தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குப் பளபளப்பான டைல்ஸ் பதித்தார்கள். கொத்தனார், "சிமென்ட் போட்டுப் பதிச்சுட்டா, அப்புறம் அந்தப் பக்கமே பாக்க வேணாம் சார்" என்றார். அவர் அதை நம்பியே சொன்னார், நாங்களும் நம்பினோம். மூன்றாவது மழைக்காலத்தில் டைல்ஸின் மேல்விளிம்புக்குச் சரியாக ஒரு சாண் மேலே, பேதுருவின் பாதங்கள் இருந்த இடம், நெற்றியில் பூசும் நீறுபோலப் பொடியாகி, தரையில் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்துகிடந்தது. பாதங்கள் திரும்ப வரப்போவதில்லை.

டைல்ஸை எடுக்க முடிவு செய்தால், ஓவியத்திலிருந்து மிகத் தொலைவான மூலையில் தொடங்கி, மின்கருவி இல்லாமல், சிற்றுளியாலும் மரச்சுத்தியாலும் மெதுவாக எடுக்க வேண்டும். ஓவியத்தை ஒட்டிய கடைசி வரிசையை வல்லுநர் வரும்வரை விட்டுவையுங்கள். எடுத்த இடத்தில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று கலந்து, சற்றுச் சொரசொரப்பாகவே பூசுங்கள். சுவரிலிருந்து வரும் உப்பை அந்தப் பூச்சு தான் வாங்கிக்கொண்டு, சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். மீண்டும் பூச வேண்டும். அது உதிர்வதைக் கண்டு வேலை கெட்டுவிட்டதாக எண்ணக்கூடாது, அது உதிர்வதற்காகவே போட்ட பூச்சு.

சாந்துக்கான பொருள்களில் கவனம் தேவை. நம் முன்னோர் பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைப் பயன்படுத்தினார்கள். சென்னைச் சாந்தின் பளிங்கு போன்ற மெருகு உலகறிந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு இப்போதும் கேட்டுத் தேடினால் கிடைக்கும். மூட்டையில் வெள்ளை சிமென்ட் கலக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். ஆற்றுமணலைக்கூட நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அந்த நல்ல தண்ணீர் போர் தண்ணீராக இருக்கக்கூடாது, ஏனென்றால் இந்தப் பகுதியில் பல போர்களில் உப்பு கரிக்கிறது. மெட்ரோ வாட்டர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் மரபு, வெளிச்சுவருக்கு அது மிக நல்லது. ஆனால் ஈரமான சுவரில், ஓவியத்துக்குப் பக்கத்தில் அவை பூஞ்சைக்கு உணவாகும் என்பதால், அங்கே வெறும் சுண்ணாம்பும் மணலுமே போதும் என்பது என் கருத்து.

வெளியே, சுவருக்கும் தெருவுக்கும் இடையே இடம் இருந்தால், ஓரடி அகலத்தில் பள்ளம் எடுத்து ஜல்லி நிரப்பி, வடிகாலை நோக்கிச் சரிவு கொடுங்கள். அடித்தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக்கூடாது. தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியை, இடவசதி கருதி, சில ஆலயங்களில் சுவரோரமாகவே வெட்டிவிட்டார்கள். ஓவியச் சுவரின் பக்கத்தில் குழி இருந்தால், அதை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். தெரு மட்டத்தைக் குறைக்கும்படி மாநகராட்சிக்கு எழுதுங்கள். அடுத்த முறை சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டது எங்களுக்கு ஓரளவு பலித்தது.

உப்பும் காற்றும்

சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். படிகம் வளரும் ஒவ்வொரு முறையும் பூச்சின் நுண்துளைகளை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். கடலோரச் சென்னையில் ஈரப்பதம் இந்த எல்லையைச் சுற்றியே ஏறி இறங்குகிறது என்பதுதான் நம் ஓவியங்களின் பெருந்துன்பம். இதை அறியாமல், ஞாயிறு திருப்பலிக்கு இரண்டு மணி நேரம் ஏசி போட்டு, பிறகு ஆறு நாள் அணைத்து வைத்தோம். ஒவ்வொரு ஞாயிறும் சுவரிலுள்ள உப்பைக் கரைத்துப் படிகமாக்கும் ஒரு சுற்றை நாமே நடத்திக்கொண்டிருந்தோம் என்பது ஈரப்பதமானியின் எண்களைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிய பிறகே விளங்கியது. ஓவியம் உள்ள அறையில் விட்டுவிட்டுப் போடும் ஏசி வேண்டாம். மின்விசிறி போதும், அதையும் சுவரை நோக்கித் திருப்பாதீர்கள்.

சன்னல் திறப்பதிலும் நேரம் பார்க்க வேண்டும். கீழே இறங்கிய அறையின் சுவர் வெளியைவிடக் குளிர்ந்திருக்கும். கடற்காற்று எழுந்த பின் திறந்தால், வெளியின் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் பனிபோலப் படியும். சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும் காலை வேளையில் திறந்து, கடற்காற்று வந்ததும் மூடுவது எங்கள் கோயில்பிள்ளையின் (ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரின்) அன்றாட வேலையாகிவிட்டது. கூட்டத்தின் மூச்சும் ஈரம்தான். இத்தாலியின் பதுவை நகரில் ஓவியர் ஜியோட்டோ 1305 அளவில் எழுதி முடித்த சுவரோவியங்கள் உள்ள சிற்றாலயத்தில், வருவோரைக் குழுக்களாகப் பிரித்து, காற்றைச் சீர்படுத்தும் முன்னறை ஒன்றில் 15 நிமிடம் உட்காரவைத்த பிறகே உள்ளே விடுகிறார்கள். நம்மால் அது இயலாது. ஆனால் ஓவியச் சுவரை ஒட்டி நாற்காலி போடாமல், ஐந்தடி விட்டு முதல் வரிசையைத் தொடங்க எவராலும் இயலும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைத் தண்ணீரால் கழுவினால் அது கரைந்து உள்ளேதான் போகும். ஓவியம் இல்லாத பகுதியில் உலர்ந்த மென்தூரிகையால் தாளில் துடைத்தெடுத்து, ஆலயத்துக்கு வெளியே கொட்டுங்கள்.

புகை, விளக்கு, திருவிழா

மெழுகுதிரித் தாங்கியை ஓவியச் சுவரிலிருந்து எடுத்து, முற்றத்தில் கூரையிட்ட ஓர் இடத்தில் வைத்தோம். முதலில் முணுமுணுத்தவர்களும் பிறகு அங்கேயே ஏற்றப் பழகிக்கொண்டார்கள். கோயில்களில் கற்பூரமும் எண்ணெய்த் திரியும் இதே கரியைத்தான் படியவைக்கின்றன. அர்ச்சகரிடம் பணிவோடு பேசி, ஓவியம் உள்ள மண்டபத்தில் அகல்களைக் குறைத்து, ஆரத்தியைச் சுவரிலிருந்து விலக்கிக் காட்டச் சொல்லலாம். ஏற்கெனவே படிந்த கரியை நீங்கள் எடுக்க வேண்டாம். ரொட்டித் துண்டாலும், உருளைக்கிழங்காலும் தேய்க்கும் பழைய வழக்கங்கள் சுவரில் உணவு மிச்சத்தை விட்டுப்போய்ப் பூஞ்சையை அழைக்கும். திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிக் கல்லைத் தூய்மையாக்கும் முறை, அருகில் ஓவியப் பூச்சு இருந்தால் அதை ஒரே நாளில் முடித்துவிடும்.

சீரியல் விளக்கு மாட்ட ஆணி அடிப்பதும், மாலையை ஓவியத்தின்மேல் சாய்ப்பதும் எங்கள் ஆலயத்தில் எழுத்தால் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து, மங்கிய முகத்தை எனாமல் பெயின்டால் "புதுசாக்கித் தருகிறேன்" என்று முன்வரும் கைதேர்ந்த ஓவியர். எனாமல் சுவரின் மூச்சை அடைக்கும், அடியிலுள்ள பழைய கோடும் மறைந்துவிடும். குளவிக்கூடு கட்டியிருந்தால் முழுதும் உலரும்வரை விட்டு, பிறகு மண்ணைச் சிறிது சிறிதாகச் செதுக்க வேண்டும். இழுத்தால் நிறமும் கூட வரும்.

வெள்ளம் வந்தால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நீர் நின்றது, எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த நீர் வந்தது. அத்தகைய நாளில் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு நீரை வெளியேற்றுங்கள். சுவரைச் சீக்கிரம் காயவைக்க வேண்டும் என்ற பதைப்பில் ஹீட்டரோ, பெரிய விசிறியோ சுவரை நோக்கி வைக்காதீர்கள். வேகமாகக் காயும்போது உப்பு நிறத்துக்குச் சற்று அடியிலேயே படிகமாகி நிறத்தைத் தள்ளிவிடும். 1966 நவம்பர் 4 அன்று புளோரன்ஸ் நகரை ஆர்னோ ஆற்று வெள்ளம் மூழ்கடித்தபோது, நீர் வடிந்த பிறகும் சுவரோவியங்களில் உப்பின் வேலை நெடுநாள் தொடர்ந்தது. அந்த அழிவிலிருந்தே இன்றைய பல காப்பு முறைகள் வளர்ந்தன. சன்னல்களை அளவாகத் திறந்து, வாரக்கணக்கில் மெல்ல உலரவிடுங்கள். உதிர்ந்த செதில்கள் எவ்வளவு சிறியவையானாலும் பெருக்கித் தள்ளாமல், மென்தூரிகையால் எடுத்துப் பஞ்சு விரித்த சிறு டப்பாவில் இட்டு, எந்த இடத்துக்குக் கீழே கிடந்தது என்று எழுதிவையுங்கள்.

வல்லுநரை அழைக்கும்போது

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் காப்புக்கூடமும், மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் சென்னைப் பிரிவும் வழிகாட்டக் கேட்கத்தக்க இடங்கள். அறநிலையத் துறையின் கீழுள்ள கோயிலானால் முதலில் அத்துறைக்கு எழுத வேண்டும். வருபவரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: ஓவியத்தைத் தொடும் முன் சுவரின் ஈரத்தை அளப்பீர்களா, முதலில் ஓர் உள்ளங்கை அகலத்தில் செய்துகாட்டுவீர்களா, போடும் பசையைப் பின்னொரு நாள் நீக்க முடியுமா, செய்ததை எழுத்தில் தருவீர்களா? உதிர்ந்த இடத்தைப் பழையபடி எழுதித் தருவதாக உடனே ஒப்புக்கொள்பவரைவிட, அப்படியே விடலாம் என்பவரை நான் கூடுதலாக நம்புவேன். இத்தாலியில் கலைக்காப்பு அறிஞர் செசாரே பிராந்தி வகுத்த முறையில், இழந்த பகுதியை மெல்லிய நெடுக்குக் கோடுகளால் நிரப்புகிறார்கள்; தொலைவில் படம் முழுமையாகத் தெரியும், கிட்டே போனால் எது பழையது, எது புதியது என்று கண்டுகொள்ளலாம். பேதுருவின் பாதங்களை அப்படிக்கூட நிரப்ப வேண்டாம் என்று எங்கள் குழு முடிவு செய்தது. அங்கே இப்போது சற்று மங்கலான வெறும் சுண்ணாம்புப் பூச்சுதான் இருக்கிறது.

குறிப்பேட்டுக்கும் படங்களுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஆலயத்திலும் மற்றொன்றை வெள்ளம் எட்டாத ஒரு வீட்டு மாடியிலும் வையுங்கள். எங்கள் கட்டுமரத்தின் அடியிலிருந்து உதிர்ந்த நீலச் செதில்கள், தேதியும் இடமும் எழுதிய பதினொரு டப்பாக்களில், பீட அறை மர அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கிறது. அவர் விடுப்பில் போகும்போது யாரிடம் கொடுத்துப் போகிறார் என்பதையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறோம்.